எதிர்த்த டீக்கடையிலிருந்து பார்க்கணும்!

நடுவர் அவர்களே! அவையிலே நிறைந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பிலே சாதத்தை வைத்துவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

கடைக்கு அழகு கையால் எழுதிய பலகையா, கம்ப்யூட்டரிலே அடித்த ஃபிளெக்ஸா என்பது கேள்வி. கைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் சொன்னார், “ஃபிளெக்ஸ் காலையிலே சொன்னா சாயங்காலம் ரெடி.” உண்மைதான், மறுக்கலை. ஆனா எத்தனை நாள் இருக்கும்? ரெண்டு கோடை வெயில் பட்டா சிவப்பு வெளுத்து ரோஸ் ஆயிடும். முதலாளி கல்லாவிலே குத்துக்கல்லா உட்கார்ந்திருப்பார். வாசல்லே அவர் படம் மட்டும் ஆவி மாதிரி தெரியும்! (சிரிப்பு)

ஐயா, என் அப்பா கடைப் பலகை எழுதினவர். தகரத்துக்கு முதலில் பிரைமர். அது காய்ந்ததும் எனாமல் பெயின்ட். பிறகு சாக்பீஸ் பொடி தடவிய நூலை இழுத்துப் பிடித்து ‘டப்’புன்னு சுண்டுவார், நேர்க்கோடு விழும். நூலோட மறுமுனையைப் பிடிக்கிறது என் வேலை. இடது கையிலே ஒரு குச்சி, அதன்மேலே வலது மணிக்கட்டு. அதுக்கப்புறம்தான் பிரஷ்!

இங்கிலீஷ் பெரிய எழுத்தெல்லாம் ஒரே உயரத்திலே நின்னுடும். தமிழ் நிற்குமா? ‘கி’க்கு மேலே வளையும், ‘மு’வுக்குக் கீழே இறங்கும், ‘க்’குக்குத் தலையிலே புள்ளி. அத்தனைக்கும் இடம் விட்டு, ‘முருகன் மளிகைக் கடை’யை ஆறடித் தகரத்திலே அடக்கணும். சாக்பீஸாலே எழுதிட்டு, அப்பா ரோட்டைத் தாண்டி எதிர்த்த டீக்கடையிலே நின்னு பார்ப்பார். பஸ்ஸிலே போறவன் கண்ணுக்குத் தெரியுதா? தெரியலைன்னா அழிச்சுட்டு மறுபடி எழுதுவார். அண்ணே, உங்க கம்ப்யூட்டர் என்னிக்காவது ரோட்டைத் தாண்டியிருக்கா? (கைதட்டல்)

“காலத்துக்கேத்த மாதிரி மாறணும்” என்றார் இன்னொரு நண்பர். மாறாதவங்களா இவங்க? பெரியார் 1935-லிருந்தே ‘குடிஅரசு’ இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை, 1978-ல் தமிழக அரசு ஏற்றது. அதுவரை ‘லை’க்கு யானைத் துதிக்கை மாதிரி ஒரு கொம்பு இருந்தது. வாழ்நாளெல்லாம் அதைப் போட்டுப் பழகின கை, புது ‘லை’யை எழுதக் கத்துக்கிச்சு. இன்னிக்கும் ஏதாவது பழைய பலகையிலே அந்தத் துதிக்கையைப் பார்த்தா, கடையோட வயசைக் கேட்கவே வேண்டாம்!

இன்னொண்ணு. டெல்லியிலே ஹனிஃப் குரேஷி என்ற வடிவமைப்பாளர், 2024-ல் மறைந்தவர். தெருவோரப் பெயின்டர்களைத் தேடிப்போய், அவங்க எழுத்தைக் கம்ப்யூட்டர் எழுத்துருவா மாற்றினார். அண்ணே, கம்ப்யூட்டரே பெயின்டர்கிட்டே டியூஷன் படிச்சிருக்கு! (சிரிப்பு, கைதட்டல்)

ஆனா எழுத்துருவிலே எழுத்து பிழைக்கும், தொழில் பிழைக்குமா? பக்கத்திலே நின்னு பிரஷ் கழுவின பையன்தான் அடுத்த பெயின்டர். வேலை இல்லைன்னா பையன் வரமாட்டான். பையன் வரலைன்னா, பெரியவரோட அந்த வளைவும் போயிடும்.

புதுக்கடை திறக்கிறவங்களே, கடை உள்ளே எதை வேணும்னாலும் மாட்டுங்க. வாசல்லே உங்க பேரை மட்டும் ஒரு மனுஷனை விட்டு எழுதச் சொல்லுங்க. உங்க பேருக்காக ரோட்டைத் தாண்டி நின்னு பார்க்க ஒருத்தர் வேணும்.

நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்க பக்கம் எழுதுங்க. அதையும் கையாலேயே எழுதுங்க!