நெற்றியில் வைத்த கை
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியொருவர் ஆற்றிய உரை)



விடுதியில் எனக்குக் காய்ச்சல் கண்ட இரவுகளில் மேற்பார்வையாளர் அக்கா பலமுறை எழுந்து வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார். இன்று லண்டனில் தாதியாக நான் செய்வதும் ஏறக்குறைய அதுதான்.

நோயாளியின் குருதியிலிருந்து 'ரி' கலங்களைப் பிரித்தெடுத்து, புற்றுநோயை இனங்காணும்படி மரபணு மாற்றம் செய்து, மீண்டும் உடலில் ஏற்றுவதே கார்-ரி சிகிச்சை. 2012 இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இதனைப் பெற்ற சிறுமி எமிலி வைட்ஹெட், கடுங்காய்ச்சலோடு உயிருக்குப் போராடினாள். மூட்டுவாத மருந்தான டொசிலிசுமாப் அவளை மீட்டது. 2017 இல் அந்நாட்டில் இச்சிகிச்சைக்கு அங்கீகாரம் கிடைத்தது.

ஏற்றிய கலங்கள் நோயோடு மோதும்போது சைற்றோகைன்கள் அளவுமீறிச் சுரக்கலாம். பெரும்பாலும் முதலில் காய்ச்சல் வரும். முற்றினால் இரத்த அழுத்தம் விழும், மூச்சுத் திணறும். நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வெப்பமானி வைத்தால் இடையில் ஏறும் காய்ச்சல் தெரியாது. அக்குளில் ஒட்டும் சிறிய உணரியோ சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெப்பநிலையை அனுப்பும். கையில் அணிவது நாடித்துடிப்பைச் சொல்லும். அதனால் வைத்தியசாலைக்கு அருகே வீட்டில் தங்கியிருப்பவரையும் கவனிக்கலாம்.

ஆனால் இச்சிகிச்சை மூளையையும் தாக்கலாம். அதற்காக நோயாளியை நாள்தோறும் ஒரு வசனம் எழுதச் சொல்வோம். நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணச் சொல்வோம். ஒருநாள் காலை, நேற்றுவரை முத்துமுத்தாக எழுதிய ஓர் அம்மாவின் எழுத்து கோணி, வரிவிட்டு இறங்கியிருந்தது. உணரியில் எல்லாம் சரியாகவே இருந்தது. உடனே வைத்தியரை அழைத்தோம். மருந்து தொடங்கிச் சில நாட்களில் பழைய எழுத்துத் திரும்பியது. அந்தக் கொப்பியைப் பார்த்தபோது, என் எழுத்தைத் திருத்திய ஆசிரியையை நினைத்துக்கொண்டேன்.

தங்கைகளே, உங்களில் சிலர் இதைவிட நல்ல உணரிகளைச் செய்வீர்கள். அது எழுப்பும் ஒலிக்கு இரவிலும் எழுந்து வர ஓர் ஆள் வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

கடைசியாக, எல்லோருக்கும் ஒன்று. உங்கள் வீட்டில் கீமோதெரபி பெறுபவருக்குக் காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தொட்டால், விடியட்டும் என்றிராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.