அந்த ஸ்குரூவைத் திருப்புவதற்கு முன்

ஸ்காபரோவிலும் மிசிசாகாவிலும் பிரம்டனிலும் இரவு வேலை முடித்து வந்து, தேநீரோடு வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் உங்களில் பலர். முதுகில் ஒரு காஸ் சிலிண்டரைப் படுக்க வைத்துக் கட்டிக்கொண்டு வெயர்ஹவுஸுக்குள் ஓடித் திரியும் ஃபோர்க்லிஃப்ட் உங்களுக்குப் புதிதல்ல. அதற்கு ஒரு நோய் வரும். நிற்கிற இடத்தில் எஞ்சின் குலுங்கும். சுமையைத் தூக்கச் சொன்னால் இழுக்க மாட்டாமல் திணறும். இந்த இரண்டுக்கும் மூலம் எது என்று கண்டுபிடிப்பதை நான் ஒரு கலையாகவே மதிக்கிறேன். அந்தக் கலையைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

பல வருடங்களுக்கு முந்திய ஒரு ஜனவரி காலை. வெளியே மைனஸ் 20 பாகை. எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லித் தந்தவர் வன்னியில் லொறி எஞ்சின்களோடு வளர்ந்த ஒரு பெரியவர். குலுங்கிக்கொண்டு நின்ற வண்டியைக் கண்டதும் நான் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மிக்சர் பக்கம் போனேன். காஸும் காற்றும் கலக்கும் இடம் அது. அதில் ஒரு சிறிய ஸ்குரூ இருக்கிறது. திருப்பினால் எஞ்சினின் குரல் மாறும். கை தானாக அங்கேதான் போகும். "தம்பி, அதில கை வைக்காதையும். முதல்ல இதைத் தொட்டுப் பாரும்" என்றார் அவர்.

அவர் காட்டியது ரெகுலேற்றரை. உலோகம் முழுக்க வெண்பனி பிடித்திருந்தது, ஃப்ரீசரின் அடியில் மறந்துபோன மீன் பொட்டலம் மாதிரி. புறங்கையை ஒரு கணம் வைத்து எடுத்தேன், சுரீர் என்றது. பிறகு அதற்குப் போய்வரும் இரண்டு ரப்பர் குழாய்களையும் தொடச் சொன்னார். எஞ்சின் அரை மணி நேரமாக ஓடுகிறது. இரண்டுமே சூடாக இருக்க வேண்டும். ஒன்று இளஞ்சூடு, மற்றது பச்சைத் தண்ணீர்.

அங்கே நடந்தது இதுதான். சிலிண்டருக்குள் புரொப்பேன் அழுத்தத்தில் திரவமாக இருக்கிறது. அழுத்தம் போனால் மைனஸ் 42 பாகையிலேயே கொதித்து, ஏறத்தாழ 270 மடங்கு இடம் கேட்கும் வாயுவாக விரியும். கொதிப்பதற்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டை ரெகுலேற்றர் எஞ்சினின் கூலண்டிலிருந்துதான் எடுக்கிறது. கூலண்ட் குறைந்தாலோ குழாயில் காற்று அடைத்தாலோ சூடு வராது. காஸ் பாதி திரவமாகவே மிக்சருக்குப் போகும். எஞ்சின் அதை எரிக்க மாட்டாமல் குலுங்கும், இழுவையும் போய்விடும். குளிர்காலத்தில் எஞ்சினைப் புதிதாகக் கிளப்பும்போது கொஞ்சம் பனி படிவது குற்றமில்லை. சூடேறிய பிறகும் பனி நின்றால்தான் குற்றம்.

எஞ்சினை ஆறவிட்டு றேடியேற்றர் மூடியைத் திறந்தோம். இரண்டு லீற்றருக்கு மேல் கூலண்ட் பிடித்தது. ஒரு குழாயின் கிளிப் தளர்ந்து, நாள்கணக்கில் துளித்துளியாக ஒழுகியிருக்கிறது. கிளிப்பை இறுக்கி, அடைபட்ட காற்றை வெளியேற்றி மறுபடி ஓடவிட்டோம். கால் மணி நேரத்தில் பனி உருகித் தரையில் சொட்டியது. ஒவ்வொரு சொட்டுக்கும் எஞ்சினின் சத்தம் நேராகிக்கொண்டே வந்தது போல எனக்கு இருந்தது. எஞ்சின் தலையைக் கழற்ற வேண்டும் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த முகாமையாளர் ஒன்றும் பேசாமல் கோப்பி வாங்கிக்கொண்டு வந்து தந்தார்.

அந்தப் பெரியவர் எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் முதலில் ஓட்டுநரிடம்தான் பேசுவார். நிற்கும்போது மட்டும் குலுங்கி, வேகம் கொடுத்தால் நேராகிறதா? அப்படியானால் எங்கேயோ காற்று களவாக உள்ளே போகிறது என்று சந்தேகிப்பார்: மனிஃபோல்ட் கேஸ்கட், வெடித்த வக்யூம் குழாய். நிற்கும்போது நன்றாக இருந்து, சுமையில் மட்டும் செத்துப்போகிறதா? காஸ் போதவில்லை, அல்லது புகைபோக்கி அடைத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் ஸ்பார்க், எஞ்சினின் அழுத்தம், மிக்சரின் டயஃபிரம், இப்போது சொன்ன பனி என்று பட்டியல் நீளும். ஐந்து நிமிடக் கேள்வியால் அரைநாள் வேலை மிச்சமாவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஓட்டுநரின் கையிலேயே இருக்கும் ஒரு காரணத்தை உங்களுக்கு விளங்கச் சொல்ல வேண்டும். புதுச் சிலிண்டரைப் பூட்டியதும் அவசரத்தில் வால்வை ஒரே சுழற்றாகத் திறந்துவிடுவோம். குழாய் அறுந்தால் காஸ் கொட்டாமல் தடுக்க உள்ளே ஒரு பாதுகாப்பு அடைப்பு இருக்கிறது. திடீர்ப் பாய்ச்சலைக் குழாய் அறுந்ததாக நினைத்து அது "டிக்" என்று மூடிக்கொள்ளும். கசியும் கொஞ்சக் காஸில் எஞ்சின் நின்ற இடத்தில் ஓடும், பாரம் தூக்கினால் நின்றுவிடும். வால்வை மூடி, அந்த "டிக்" திரும்பக் கேட்கும்வரை பொறுத்து, மெல்லத் திறந்தால் போதும். இன்னொன்றும் உண்டு. சிலிண்டரின் விளிம்பில் உள்ள துளை, வண்டியில் இருக்கும் முளையில் சரியாக உட்கார வேண்டும். உருண்டு கிடந்தால் உள்ளிருக்கும் குழாயின் வாய் திரவத்துக்கு மேலே நின்றுவிடும். காஸ் மிச்சம் இருக்கும்போதே வண்டி பலம் இழக்கும். அதைவிட மோசம், மிகை அழுத்தத்தை விடுவிக்கும் வால்வு மேலே இருக்க வேண்டியது, திரவத்துக்குள் அமிழ்ந்துபோகும்.

காஸில் ஓடும் வண்டி என்பதால் எல்லாப் பழியையும் காஸ் மேல் போடுகிறோம். என் அனுபவத்தில் பாதிக் குற்றம் ஸ்பார்க்கில்தான். புரொப்பேனைப் பற்றவைக்கப் பெற்றோலைவிடக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். தேய்ந்த பிளக்கும் வெடித்த வயரும் பெற்றோலில் ஒருவாறு சமாளிக்கும், காஸில் காட்டிக் கொடுத்துவிடும். ஆகவே முதலில் பிளக், வயர், எயார் ஃபில்டர். அடுத்து வக்யூம் கேஜ். பரியாரியார் நாடி பிடிக்கிற மாதிரி அந்த முள்ளைப் பார்க்க வேண்டும். நல்ல எஞ்சின் நின்று ஓடும்போது 17 முதல் 21 பாதரச அங்குலத்தில் முள் அசையாமல் நிற்கும். தாளம் தவறாமல் ஒரே இடத்தில் விழுந்து எழும்பினால் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. காஸ் எஞ்சின்களில் புகை வால்வு தன் இருக்கையைத் தின்று உள்ளே இறங்குவது தெரிந்த நோய். அப்படி இருந்தால் மிக்சரை எத்தனை தடவை கழுவிப் பூட்டினாலும் வண்டி குணமாகாது.

இவை எல்லாம் சரி என்றால்தான் மிக்சர். மூடியைக் கழற்றினால் மெல்லிய ரப்பர் டயஃபிரம் ஒன்று வரும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இரண்டு பெருவிரலாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். மடிப்பின் ஓரத்தில் ஊசித் துவாரம் இருந்தால் ஒரு சின்ன நட்சத்திரம் போல ஒளி தெரியும். இவ்வளவு பெரிய இயந்திரத்தைத் தள்ளாட வைத்தது அதுதான். ரெகுலேற்றருக்குள் சில சமயம் கபில நிற எண்ணெய்ப் பசை தேங்கி நிற்கும். அதன் நாற்றம் இரண்டு நாளைக்குக் கையை விட்டுப் போகாது. காஸோடு வரும் பாரமான அழுக்கு அது. டயஃபிரத்தை விறைக்க வைக்கும். கழுவி, புது ரப்பர் போட்டால் வண்டி மறுபடி இளமையாகிவிடும்.

இப்போதைய வண்டிகளில் கணினி இருக்கிறது, குறியீடு காட்டுகிறது. நல்ல உதவிதான். ஆனால் காஸ் குறைகிறது என்று சொல்லுமே தவிர, கிளிப் தளர்ந்ததா, வால்வு மூடிக்கொண்டதா என்று அது சொல்லாது. அதைக் கை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அந்த ஸ்குரூவுக்கு வருகிறேன். அதைத் தொடக்கூடாது என்று பெரியவர் அன்று ஏன் சொன்னார் என்பதை நான் முழுதாக விளங்கிக்கொண்டது பிறகுதான். ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி பிரிக்கும் அக்கா ஒருவர் ஒவ்வொரு பின்னேரமும் தலையிடி என்று சொல்லிக்கொண்டிருந்தார். நித்திரை போதாது, சாப்பாடு போதாது என்று அவரே தனக்குக் காரணம் சொன்னார். மாரிகாலம், கதவுகள் எல்லாம் மூடியிருந்தன. அவர் மேசைக்குப் பக்கத்தில் ஓடிய ஃபோர்க்லிஃப்ட் முன்னர் குலுங்கிக்கொண்டிருந்தது. யாரோ ஸ்குரூவைத் திருப்பிக் காஸைக் கூட்டிவிட்டார்கள். குலுக்கம் நின்றது, எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். காஸ் கூடினால் அது முழுதாக எரியாது, கார்பன் மொனொக்சைட் கூடும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ஒன்ராறியோவில் எட்டு மணி நேரச் சராசரிக்கு வைத்த எல்லை, காற்றில் பத்து இலட்சத்துக்கு 25 பங்கு. நாங்கள் கருவியைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தபோது எண் அதைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. உண்மையான குற்றம் மனிஃபோல்டில் வெடித்த ஒரு குழாய். சுண்டுவிரல் நீளம். அதை மாற்றி, புகையை அளந்து ஸ்குரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தோம். அடுத்த கிழமை அந்த அக்கா தலையிடி இல்லை என்றார். குற்றத்தைத் தேடாமல் குரலை மட்டும் திருத்துகிற வேலை எனக்குக் கோபத்தைத் தருவது அன்றிலிருந்துதான்.

புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரம். கசிந்தால் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். 2008 ஆகஸ்ட் 10 அதிகாலை டவுன்ஸ்வியூவில் நடந்த புரொப்பேன் வெடிப்பை ரொறன்ரோவில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அழுகிய முட்டை போல மணந்தால் சிலிண்டர் வால்வை மூடி, எஞ்சினை நிறுத்தி, ஆட்களை விலக்குங்கள். கசிவைச் சவர்க்கார நுரையால்தான் தேட வேண்டும். சிலிண்டர் மாற்றும்போது கையுறை போடுங்கள். திரவக் காஸ் பட்ட தோல் நெருப்புச் சுட்ட மாதிரி ஆகும்.

வண்டி ஓட்டும் தம்பி தங்கைகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். எங்களை அழைக்கும்போது "வண்டி சரியில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். குளிரிலா, சூடேறிய பிறகா? நிற்கும்போதா, தூக்கும்போதா? சிலிண்டர் மாற்றி எவ்வளவு நேரம்? ரெகுலேற்றரில் பனி தெரிந்ததா? ஒரு துண்டில் இந்த நான்கையும் எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டிவிடுங்கள். காலையில் நாங்கள் வந்ததும் முதலில் அந்தத் துண்டைத்தான் தேடுவோம்.