வெளிமானும் வெளியும்

(மொன்றியல் டவுன்டவுனில் நடந்த இலக்கியச் சந்திப்பில் ஆற்றப்பட்டு, நேரலையில் ஒளிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)

குளிரோடு குளிராக மெட்ரோ பிடித்து இந்த அரங்குக்கு வந்தவர்களுக்கும், ரொறன்ரோ, லண்டன், சென்னை என்று திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் நன்றி.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'முல்லைத் திணையும் இன்றைய சூழலும்'. ஒரு மணி நேரம் பேசினாலும் தீராத தலைப்பு. அதனால் ஒரு விலங்கோடும் ஓர் ஊரோடும் நிறுத்திக்கொள்கிறேன். விலங்கு வெளிமான், ஊர் கோடியக்கரை.

வெளிமான் என்ற பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆங்கிலேயர் அதன் நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். வளர்ந்த ஆண்மானின் முதுகு கறுத்துவிடும், அதனால் கருமான். நம் ஆட்கள் அது நிற்கும் இடத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். வெளியில் நிற்கும் மான், வெளிமான். தூத்துக்குடிப் பக்கம் வல்லநாட்டில் இன்றும் 'வெளிமான் சரணாலயம்' என்றுதான் சொல்கிறார்கள். புறநானூற்றில் வெளிமான் என்றே பெயர் கொண்ட ஒரு வள்ளல்கூட இருக்கிறான். அது வேறு கதை, இன்று வேண்டாம்.

இந்த மானுக்குப் பாதுகாப்பு இரண்டு: கண்ணும் காலும். தூரத்திலேயே ஆபத்தைப் பார்த்துவிட வேண்டும், பார்த்ததும் ஓட வேண்டும். புதருக்குள் பதுங்குவது அதற்குப் பழக்கமில்லை. ஆகவே திறந்த நிலம் அதற்கு உயிர்காக்கும் உறுப்பு மாதிரி. சங்கப் பாடல்களில் வரும் 'இரலை' இதுதான் என்று பலரும் கொள்கிறார்கள். எனக்கும் அதில் சந்தேகமில்லை. முறுக்கிய கொம்பு என்று புலவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். புள்ளிமானுக்கோ கடமானுக்கோ அப்படிக் கொம்பு கிடையாது.

இரலை வருவது பெரும்பாலும் முல்லைப் பாடல்களில். முல்லை என்றால் என்ன? பள்ளிக்கூடத்தில் படித்தோம்: காடும் காடு சார்ந்த இடமும். இந்த வரையறையைப் படித்த நம் மனதில் உடனே அடர்ந்த பச்சைக் காடு ஒன்று எழுகிறது. ஆனால் முல்லைப் பாடல்களில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மாடு மேய்கிறது. வரகு விளைகிறது. குறும்புதர்களில் பூ மலர்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, போருக்குப் போன தலைவன் கார்காலத்தில் தேர் ஏறி வீடு திரும்புகிறான். அடர்காட்டுக்குள் தேர் ஓட்ட முடியுமா? ஈர மண்ணைச் சக்கரம் கிழித்துக்கொண்டு போக, பக்கத்தில் இரலை தன் பிணையோடு நிற்பது தெரிகிறது என்றால், அது புல்லும் அங்கொன்றும் இங்கொன்றுமாக மரமும் உள்ள நிலம். உலகம் இதற்கு சவன்னா என்று பெயர் வைத்திருக்கிறது. சவன்னா என்றால் நமக்கு செரங்கெட்டியும் சிங்கமும்தான் ஞாபகம் வருகின்றன. தென்னிந்தியாவின் வறண்ட திறந்த நிலங்களில் பெரும்பகுதி அழிந்த காட்டின் மிச்சமல்ல, தொன்மையான சவன்னாவே என்று இன்றைய சூழலியலாளர்கள் வாதிடுகிறார்கள். முல்லைப் பாடல்களை நிலவியலாகப் படித்திருந்தால் இந்த வாதத்துக்கு நாம் இவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை.

காலனி அரசுக்கு இந்த நிலம் பிடிபடவில்லை. வெட்ட மரமில்லை, வசூலிக்க வரியில்லை, ஆகவே தரிசு. சுதந்திரத்துக்குப் பிறகும் அதே கணக்குதான். இந்திய அரசு வெளியிடும் தரிசுநில வரைபடத் தொகுப்பில் புதர்நிலங்கள் இன்றும் தரிசாகவே வருகின்றன. நம் ஊரில் 'புறம்போக்கு' வசைச்சொல்லான கதையும் இதற்கு அடுத்த வீடுதான். எல்லோருக்கும் பொதுவாக விட்ட நிலம், யாருக்கும் உதவாத நிலம் ஆயிற்று.

இப்போது கோடியக்கரைக்கு வருவோம். இங்கே உள்ளவர்களில் பாதிப் பேர் அந்த ஊரை முதலில் பார்த்தது கல்கியின் எழுத்தில்தான். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னில், பூங்குழலியைத் துரத்திக்கொண்டு ஓடும் வந்தியத்தேவன் புதைசேற்றில் மாட்டிக்கொள்கிறானே, அந்த இடம். கல்கி கலங்கரை விளக்கத்தையும் காட்டையும் சேற்றையும் கண்முன் நிறுத்திவிட்டார். அந்த ஊரின் புல்வெளி மட்டும் வாசகர் மனதில் ஏனோ தங்கவில்லை. கதைக்குப் புல்தரை பயன்படாது போலும்!

காவிரி டெல்டா கடலுக்குள் மூக்கை நீட்டும் இடம் அது. பாக்குநீரிணையைத் தாண்டினால் யாழ்ப்பாணம். உலர் பசுமைமாறாக் காடு, சேற்று நிலம், உவர்ப்புல் தரை மூன்றும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. பறவைகளுக்காக சாலிம் அலி இந்த இடத்தின் அருமையை எடுத்துச் சொன்னார். 1967இல் வெளிமானை முன்னிட்டுச் சரணாலயம் ஆனது, பரப்பு சுமார் 21 சதுர கிலோமீட்டர். 2002இல் சுற்றியுள்ள சதுப்பு நிலங்களோடு சேர்த்து ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. காகிதத்தில் குறையொன்றும் இல்லை.

தரையில்தான் குறை. சீமைக்கருவேலம். ராமநாதபுரத்தார் வேலிக்காத்தான் என்பார்கள். அமெரிக்கக் கண்டத்து மரம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. விறகுக்கும் வேலிக்கும் ஆகட்டும் என்றுதான் பரப்பினார்கள். வறண்ட மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் கரிமூட்டம் போட்டுப் பிழைத்தது இந்த மரத்தால்தான். அதை மறந்துவிட்டு மரத்தைத் திட்டுவது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் புல்வெளிக்குள் அது என்ன செய்கிறது என்பது வேறு விஷயம்.

அதன் காய் இனிக்கும். கோடையில் புல் காய்ந்ததும் மாடு தின்னும், காட்டில் திரியும் குதிரைகள் தின்னும், வெளிமானும் தின்னும். விதை வயிற்றைக் கடந்து சாணத்தோடு வெளியே வரும், அப்படியே முளைக்கும். இதில் ஒரு கொடுமை இருக்கிறது. ஆண் வெளிமான் பெண்ணை ஈர்க்கத் தனக்கென்று திறந்தவெளியில் ஓர் இடத்தைப் பிடித்துவைத்திருக்கும். திரும்பத் திரும்ப அதே இடத்தில் புழுக்கை போட்டு எல்லை காட்டும். அந்தக் குவியல்களில்தான் சீமைக்கருவேலக் கன்றுகள் அதிகம் முளைக்கின்றன என்று ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். தன் மணமேடையிலேயே தனக்கு ஆகாத மரத்தைத் தானே நட்டுக்கொள்கிறது அந்த மான். மரம் எழுந்தால் அடியில் புல் போகும், பார்வை மறையும், குட்டியைத் தேடி வரும் நரி கண்ணுக்குத் தெரியாது.

2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னதும் ஊரெல்லாம் பொக்லைன் ஓடியது நினைவிருக்கும். வெட்டினால் தூரிலிருந்து தழைக்கும். தூரைப் பிடுங்கினால் மண்ணில் கிடக்கும் விதை முளைக்கும். கோடியக்கரையில் வனத்துறை பகுதி பகுதியாக அகற்றியும் வேலை முடியாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

சுற்றிலும் உப்பளங்கள். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய வேதாரண்யம் பக்கத்திலேயே இருக்கிறது, அதனால் உப்பைப் பற்றி அங்கே யாரும் குறை பேச மாட்டார்கள். ஆனாலும் சேற்று நிலம் பாத்தியாகும்போது மான் ஒதுங்க இடம் சுருங்குகிறது. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது அதன் விலையும் தெரிந்தது. காட்டு மரங்கள் சாய்ந்தன, மான்கள் மாண்டன. மேற்கே உள்நாடு முழுக்க வயலும் உப்பளமும் ஊரும் என்றால் மான் எங்கே போகும்?

குதிரை என்றதும் முன்வரிசையில் நெடுந்தீவுக்காரர் ஒருவர் சிரித்தார், பார்த்தேன். உண்மைதான், உங்கள் குதிரைகளும் யாரோ கொண்டுவந்து விட்டவைதான். ஆனால் நெடுந்தீவில் அவை ஊரின் பெருமை, கோடியக்கரையில் மானின் புல்லைப் பங்கு போடுபவை. நெடுந்தீவின் பெருக்கமரமும் ஆப்பிரிக்க சவன்னாவிலிருந்து வந்ததுதான், பல நூற்றாண்டுகள் ஆகியும் அது தீவை விழுங்கவில்லை. ஆகவே 'வெளியிலிருந்து வந்ததெல்லாம் கெட்டது' என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாமெல்லாரும் எங்கிருந்து வந்து இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிறோம்? கேள்வி பிறப்பிடம் பற்றியதல்ல, வந்த பிறகு என்ன செய்கிறது என்பது பற்றியது.

கனடாவும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. மேற்கே மனிடோபாவில் ஆள் உயரம் வளர்ந்த புல்வெளி ஒரு காலத்தில் இருந்தது. உழுது கோதுமை போட்டதில் இன்று நூற்றில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. காடு அழிந்தால் படம் எடுக்கலாம், வெட்டிய அடிமரம் தெரியும். புல்வெளி அழிந்த இடத்தில் பச்சைப் பசேலென்று பயிரோ மரமோ நிற்கும், பார்ப்பவருக்கு அழகாகவே இருக்கும்.

இதை இங்கே வந்து சொல்ல ஒரு காரணம் உண்டு. கஜாவுக்குப் பிறகு நம் சங்கங்கள் பல ஊருக்குப் பணம் அனுப்பின. வீடு கட்டவும் தென்னங்கன்று வாங்கவும் கொடுத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். கூடவே 'ஆயிரம் மரம், பத்தாயிரம் மரம்' என்ற திட்டங்களும் வந்தன. மரம் நட இடம் தேடுபவர் முதலில் பார்ப்பது ஆளில்லாத திறந்த நிலத்தைத்தான். யாருடைய தோட்டத்திலும் நட முடியாதல்லவா!

போன ஆண்டு இங்குள்ள நண்பர் ஒருவர், வேதாரண்யம் பக்கம் மரம் நட ஐயாயிரம் டாலர் சேர்ந்திருக்கிறது, எந்த மரம் நல்லது என்று கேட்டார். ஊருக்குள், பள்ளிக்கூடத்தில், குளக்கரையில் நடுங்கள், புல்தரையில் வேண்டாம் என்றேன். மீதிப் பணம் இருந்தால், வனத்துறை அனுமதியோடு, சீமைக்கருவேலம் அகற்றிய இடத்தில் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் முளைக்கும் கன்றுகளைப் பிடுங்க உள்ளூர்ப் பெண்களுக்கு நான்கைந்து வருடம் கூலி கொடுங்கள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அண்ணே, அதுக்கு ஆண்டுமலரில் என்ன படம் போடுறது?" என்று கேட்டார். வெறும் புல்தரையைப் போடுங்கள், தூரத்தில் மான் நின்றால் நல்லது என்றேன். கமிட்டியில் பேசிச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை.

கேள்விகள் இருக்கின்றன என்று கையைக் காட்டுகிறார்கள். கேளுங்கள்.