பதுளைத் தூணும் அதைப் படித்தவரும்



இந்த இலக்கிய வரிசையில் கவிஞர்களையும் கதாசிரியர்களையும் பற்றிக் கேட்டு வருகிறீர்கள். நான் ஒரு சரித்திர ஆசிரியரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவர் பெயர் பதுளைக்குப் புதியதல்ல. நகரின் நூலகமே அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. கலாநிதி செனரத் பரணவிதான. அந்த நூலக வளவில் ஒரு கற்றூண் நிற்கிறது. பசறையிலிருந்தும் ஹாலி-எலையிலிருந்தும் சாமான் வாங்கப் பட்டணத்துக்கு வருகிற நம்மவர்களில் எத்தனை பேர் அதன் அருகே போய் நின்றிருப்பார்கள்?

தூண் பதுளையில் பிறந்ததல்ல. மகியங்கனைக்கு அருகே, சொரபொரக் குளத்தை அண்டிய காட்டில் கிடந்தது. கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெள்ளைக்கார அதிகாரிகளின் கண்ணில் பட்டுப் பின்னர் பதுளைக்கு வந்து சேர்ந்தது. நான்கு பக்கமும் எழுத்து. இருநூறு வரிகளுக்கு மேல். பழைய சிங்களம், 10ஆம் நூற்றாண்டு. உதயன் என்னும் அரசன் மகியங்கனைக்கு வந்தபோது, ஹோப்பிட்டிகம என்ற சந்தைக் கிராமத்தின் வணிகரும் குடிகளும் அவன் முன்னே போய் முறையிட்டார்கள். முன்னைய அரசன் செய்து வைத்த ஏற்பாட்டை மீறி, அதிகாரிகள் முறைகேடாகத் தண்டம் அறவிடுகிறார்கள் என்பது முறைப்பாடு. அரசன் கேட்டான். விதிகள் எழுதப்பட்டுக் கல்லில் ஏறின.

அந்த விதிகளைப் பாருங்கள். சந்தையில் விற்காமல் ஊரைக் கடந்து போகும் பண்டத்துக்கு வரி கேட்கக்கூடாது. போயா தினத்தில் கடை திறக்கக்கூடாது. திறந்தால், தண்டமாக மகியங்கனை விகாரை விளக்குக்கு எண்ணெய் கொடுக்கவேண்டும். அங்கீகாரமில்லாத அளவைகளால் அளக்கக்கூடாது.

இந்தக் கடைசி விதியை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு என் தாயாரின் ஞாபகம் வந்தது. எங்கள் தோட்டத்தில் மாலை நிறுவைக்குக் கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டு அவர் வரிசையில் நிற்பார். கூடைக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு, முற்றல் இலைக்கு ஒரு கழிவு. தராசின் முள்ளைப் பார்க்க அவருக்கு இடம் கொடுத்தவரில்லை. ஆயிரம் வருடங்களுக்கு முன், இதே ஊவாவில், அளவை சரியாக இருக்கவேண்டும் என்று ஒரு சட்டம் கல்லில் இருந்தது. மன்னர்களின் போர்களையும் பட்டாபிஷேகங்களையும் சரித்திரமென்று பாடசாலையில் படித்த எனக்கு, சந்தைக்காரர் வழக்காடி வென்ற இந்தக் கல்தான் சரித்திரமாகப் பட்டது.

தூணைப் படிக்க முயன்றவர்கள் பரணவிதானவுக்கு முன்னும் உண்டு. ஆனால் ‘எபிகிராபியா செயிலானிக்கா’ ஐந்தாம் தொகுதியில் அவர் கொடுத்த பாடம்தான் எனக்கு வழிகாட்டியது.

1896ஆம் ஆண்டு காலிப் பகுதியில் மெட்டரம்ப என்ற கிராமத்தில் பிறந்தவர் அவர். முதலில் பாடசாலை ஆசிரியர். 1923இல் தொல்பொருள் திணைக்களத்தில் சேர்ந்தார். கல்வெட்டுப் பயிற்சிக்கு உதகமண்டலம் போனார். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் நம் உறவினர் பலர் போய்ச் சேர்ந்த அதே நீலகிரி. 1936இல் லெய்டன் பல்கலைக்கழகத்தின் கலாநிதிப் பட்டம். 1940 முதல் 1956 வரை தொல்பொருள் ஆணையாளர். பிறகு பேராதனையில் பேராசிரியர். சிகிரியாவின் பளிங்குச் சுவரில் வழிப்போக்கர்கள் கீறிவைத்த 685 பாடல்களைப் படித்து, 1956இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அந்தச் சுவரில் மங்கிப்போன கீறல்களைப் பார்த்தவர்களுக்குத்தான் அது எப்பேர்ப்பட்ட உழைப்பு என்று விளங்கும்.

தமிழ்க் கல்வெட்டும் அவருக்கு அந்நியமல்ல. சீனக் கடற்தளபதி செங் ஹோவின் காலத்து, 1409ஆம் ஆண்டுக்குரிய காலி மும்மொழிக் கல்லின் தமிழ்ப் பகுதியைப் பதிப்பித்தவர் அவரே. தேவேந்திரமுனையின் தென்னாவர நாயனாருக்குச் சீனப் பேரரசன் அனுப்பிய காணிக்கைகளை அந்தத் தமிழ் வரிசைப்படுத்துகிறது.

அதே கை, 1961இல், யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளை மலாய்த் தொடர்புள்ள சாவகர் வழியினர் என்றும் எழுதிற்று. தமிழ் வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்கவில்லை. எனக்கும் அது சான்றைவிட ஊகம் நீண்ட கட்டுரையாகவே படுகிறது. அதைவிடப் பெரிய வில்லங்கம் பின்னர் வந்தது. பழைய கல்வெட்டுகளின் வரிகளுக்கிடையே பொடி எழுத்தில் வேறு நூல்கள் பொறிக்கப்பட்டிருப்பதாகச் சொல்லி, அவற்றை ஆதாரமாக்கி 1966இல் ‘சிலோனும் மலேசியாவும்’ என்ற ஆங்கில நூலை வெளியிட்டார். அந்த எழுத்துகள் மற்றவர் கண்ணுக்குப் புலப்படவில்லை. அடுத்த ஆண்டே ஆர்.ஏ.எல்.எச். குணவர்தன அந்த ஆய்வை வரிவரியாக ஆராய்ந்து மறுத்தார். அறிஞர் உலகில் ஆலமரம் போல நின்ற ஒருவரை எதிர்த்து ஓர் இளம் ஆய்வாளர் எழுதுவது இலேசான காரியமல்ல. பரணவிதான 1972இல் காலமாகும் வரையில் தம் வாசிப்பைக் கைவிடவில்லை.

இதைக் காட்டி அவருடைய மற்றைய வேலையையும் தள்ளிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அது நியாயமில்லை. பதுளைத் தூணின் எழுத்து எல்லோரும் பார்க்கக்கூடிய எழுத்து. அவர் வாசித்ததைக் கல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், பிழையென்றால் பிழையென்று சொல்லலாம். குணவர்தன கேட்டதும் அந்த உரிமையைத்தான்.

தோட்டப் பாடசாலைகளிலிருந்து சரித்திரம் படிக்கப் பல்கலைக்கழகம் போகும் நம் பிள்ளைகளில் ஒருவர், அந்த ஐந்தாம் தொகுதியைக் கையில் எடுத்துக்கொண்டு தூணடிக்கு வரவேண்டும். ஹோப்பிட்டிகம விதிகளை லயத்து ஆட்களுக்கு விளங்கும் தமிழில் சொல்லவேண்டும் என்பது என் ஆசை. அளவை பற்றிய விதியில் ஆரம்பிக்கலாம்.