பெரியம்மா விட்டுக்கொடுத்த முறை

(கூட்டமைப்பின் மகளிர் தின விழாவில், 2025 மார்ச்சில் பேசியது)



"டாக்டர் ஆகப்போற பொண்ணு பேசும்" என்று சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் இன்னும் டாக்டர் இல்லை. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அதனால ஊசி போடச் சொல்லி யாரும் வந்துடாதீங்க.

எட்டாவது படிக்கும்போது எங்க டீச்சர் கட்டாயப்படுத்தி தேசிய வருவாய்வழி படிப்புதவித் தொகைத் தேர்வு எழுத வச்சாங்க. அதில் தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நாலு வருஷத்துக்கு 48,000. அம்மா அந்தப் பணத்தைத் தொடவே மாட்டேன்னாங்க. ஆனால் கொரோனா வந்து வேலை நின்றபோது அதில் பாதி அரிசியும் மளிகையுமாகப் போச்சு. அதைச் சொல்லி இன்னைக்கும் அம்மா வருத்தப்படுறாங்க. பிள்ளைகள் சாப்பிட்டதுக்கு என்ன வருத்தம்?

2021-ல் பன்னிரண்டாவது முடித்து நீட் எழுதினேன். மொத்தம் 720 மதிப்பெண். சரியான விடைக்கு நாலு, தப்பான விடைக்கு ஒண்ணு குறையும். பள்ளிக்கூடம் பெரும்பாலும் திறக்காத வருஷம், வீட்டில் ஒரே போன். தெரியாததையெல்லாம் குத்துமதிப்பா எழுதி, தெரிஞ்சதுல வாங்கினதையும் இழந்தேன்.

இங்கே நான் ஒரு விஷயத்தை விளக்கிச் சொல்லணும். 2020-ல் தமிழ்நாடு அரசு சட்டம் போட்டு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு கொடுத்தது. முதல் வருஷமே 400-க்கும் மேற்பட்ட மருத்துவ, பல் மருத்துவ இடங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தன. ஆனால் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும் கட்டணத்துக்குப் பயந்து விட்டுவிட்டுப் போனவர்களும் அந்தக் கலந்தாய்வில் உண்டு. அதற்குப் பிறகுதான் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அறிவித்தார்கள். 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டமும் வந்தது, மாதம் ஆயிரம் ரூபாய்.

ஆக, கல்லூரிக்குள் போய்விட்டால் கை கொடுக்க ஆள் இருக்கு. கல்லூரி வாசலுக்கு வெளியே உட்கார்ந்து இன்னொரு தடவை பரீட்சைக்குப் படிக்கிற அந்த ஒரு வருஷத்துக்குத்தான் பணம் இல்லை. பயிற்சிக்கு, தங்குவதற்கு, புத்தகத்துக்கு, பஸ்ஸுக்கு. அந்த வருஷத்தில் பொண்ணு வீட்டில் இருந்தால் சும்மா இருக்கிறாள் என்று ஊர் நினைக்கும். மாப்பிள்ளை பேச்சும் வரும். எங்க வீட்டுக்கும் வந்தது.

2022 ஜனவரியில் எங்க அம்மாவோட குழுவில் உள்கடன் கொடுக்க 30,000 ரூபாய் சேர்ந்திருந்தது. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. முறைப்படி அது ஒரு பெரியம்மாவுக்குப் போக வேண்டியது. கூரை மாத்தணும்னு அவங்க ஆறு மாசமா கேட்டுக்கிட்டு இருந்தாங்க. அன்னைக்குக் கூட்டத்தில் அம்மா வாயே திறக்கலையாம். பெரியம்மாதான், "அந்தப் பொண்ணுக்குக் கொடுங்க, என் கூரை இன்னொரு மழைக்குத் தாங்கும்"னு சொன்னாங்களாம். தீர்மானப் புத்தகத்தில் அது ஒரே வரிதான்: முறை மாற்றி வழங்கப்பட்டது. பதினாலு பேர் கையெழுத்து.

அந்தப் பணத்தில் புதுச்சேரியில் தங்கிப் படித்தேன். ஜூலையில் பரீட்சை எழுதினேன். முன்னூற்றுச் சொச்சம் வந்தது. நவம்பரில் கல்லூரியில் சேர்ந்தேன்.

டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கிட்ட கரையைக் கடந்தது. பெரியம்மா வீட்டுக் கூரை அன்றைக்கே போய்விட்டது. எனக்கு யாரும் சொல்லலை. "புள்ள படிக்கட்டும், சொல்லாதீங்க"ன்னு அவங்களே தடுத்திருக்காங்க. பொங்கலுக்கு ஊருக்கு வந்தப்பத்தான் பார்த்தேன். மேலே நீல தார்ப்பாய். எனக்குப் பேச்சு வரலை. அவங்க டீ போட்டுக் கொடுத்து, விடுதியில் சாப்பாடு எப்படின்னு கேட்டாங்க.

முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரைப் பற்றிக் கல்லூரியில் பேசுவோம். புதுக்கோட்டை மகாராஜா அனுமதி கொடுத்த பிறகுதான் அவர் அங்கே கல்லூரிக்குள்ளேயே நுழைய முடிந்தது. அப்புறம் 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் பட்டம் வாங்கினார். அவருக்கு ராஜா இருந்தார். எனக்குத் தார்ப்பாய்க்குக் கீழே இருந்த பெரியம்மா.

அதனால்தான் கூட்டமைப்பிடம் ஒண்ணு கேட்கிறேன். இனிமேல் யாரும் தன் முறையை விட்டுக்கொடுக்கக் கூடாது. காத்திருந்து படிக்கிற பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு நிதி வையுங்க. குழுவுக்குக் கொஞ்சம் போட்டால் போதும். வருஷத்துக்கு ரெண்டு பிள்ளைக்குக் கொடுங்க, தவணையை ஒரு வருஷம் கழித்து ஆரம்பிங்க. சீட் கிடைக்கும்னு உறுதியான பிள்ளைக்குத்தான் என்று சொல்லாதீங்க. என்னோடு எழுதின தோழிகள் ரெண்டு பேருக்குக் கிடைக்கவில்லை. ஒருத்தி நர்ஸிங் படிக்கிறா. இன்னொருத்திக்கு அந்த வருஷமே கல்யாணம் ஆயிடுச்சு. என்னைவிட அவதான் நல்லாப் படிப்பா.

இன்னொண்ணு. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால்தான் 7.5 கிடைக்கும். அரசு உதவி பெறும் பள்ளிகூடக் கணக்கில் வராது. நடுவுல ரெண்டு வருஷம் இங்கிலீஷ் மீடியம்னு கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாத்துறதுக்கு முன்னாடி இதை யோசிங்க. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் முன்கூட்டியே வாங்கி வையுங்க. கலந்தாய்வு நேரத்தில் தாலுகா ஆபீசுக்கு அலைய முடியாது.

கல்லூரியில் சமூக மருத்துவம்னு ஒரு பாடம். கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துப் போய்ப் பார்க்கிறோம். அப்பத்தான் நம்ம உப்பளம் எனக்கு வேற மாதிரி தெரிஞ்சுது. காலில் வெடிப்பு, வெயில் உப்பில் பட்டு அடிக்கிற கண் கூச்சம், இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆனா பாத்திக்கிட்ட ஒதுங்க இடமில்லைன்னு நீங்க காலையிலேர்ந்து தண்ணி குடிக்காமலே வேலை செய்றீங்களே, அதுதான் நீர்க்கடுப்புக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் வழி. தண்ணி குடிங்கன்னு நான் சொல்றது சுலபம். உப்பளத்துக்கிட்ட ஒரு கழிப்பறை கேட்டுக் கூட்டமைப்பு மனு போடட்டும், எழுதித் தர்றேன்.

கடன் போன வருஷம் முடிந்தது. புதுமைப்பெண் பணத்தில் பாதியை நானும் தவணையில் கட்டினேன். பெரியம்மா அடுத்த முறை வாங்கி ஷீட் போட்டுட்டாங்க. இன்னைக்கு அவங்க இங்க வரலை. உப்பு வாருற நாள், கூலி போயிடும்னு சொல்லிட்டாங்க. சாயங்காலம் போய்ப் பார்க்கணும்.