கோடு கிழிப்பது யார்?

அறக்கட்டளை நினைவுச் சொற்பொழிவு, வடாலா, மும்பை



பெரிய கொள்கைகளை முடிவு செய்ய வேண்டியவர்கள் அரசு வல்லுநர்களா, பொதுமக்களா என்பது எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. பட்டிமன்றத்துக்குப் பொருத்தமான தலைப்பு. இரண்டு அணி பேசி முடித்ததும் நடுவர் எழுந்து, இருவரும் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பொன்னாடையை வாங்கிக்கொண்டு போகலாம். நான் அப்படிச் செய்யப்போவதில்லை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று எப்படி நடக்கும், எவ்வளவு தாங்கும், என்ன செலவாகும் என்பவற்றை வல்லுநர் சொல்லட்டும். யாருக்குக் கொடுப்பது, யாரை வெளியே அனுப்புவது என்பதை அவர் சொல்லக் கூடாது. அதற்கென்று ஒரு படிப்பு எந்தக் கல்லூரியிலும் இல்லை. இந்த நகரத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் கோளாறு என்னவென்றால், இரண்டாவது வகை முடிவுக்கு முதல் வகை முடிவின் சட்டையை மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். நாமும் சட்டையைப் பார்த்துச் சலாம் போடுகிறோம்.

இந்த மண்ணிலிருந்தே தொடங்கலாம். 1896 செப்டம்பரில் பம்பாய் மாண்ட்வி பகுதியில் பிளேக் வந்திருப்பதைக் கண்டு சொன்னவர் டாக்டர் அகேசியோ வியேகாஸ். தடுப்பு மருந்து தேடும் பொறுப்பை வால்டமார் ஹாஃப்கினிடம் கொடுத்தார்கள். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் இருந்து வேலை செய்த அவர், 1897 ஜனவரி 10 அன்று தடுப்பூசியை முதலில் தம் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். பரேலில் அவர் பெயரில் உள்ள நிறுவனத்தை நீங்கள் பஸ்ஸில் கடந்து போயிருப்பீர்கள். அந்த மருந்து பலிக்குமா என்பதை ஊர்க்கூட்டம் போட்டுக் கை தூக்கச் சொல்லி அறிந்திருக்க முடியாது. அது அவர் ஒருவரின் வேலை, சரியாகச் செய்தார்.

அதே ஆண்டுகளில் அதே அரசு வீடு வீடாகப் புகுந்து நோயாளிகளைத் தேடியது. புனேயில் அதைத் தலைமையேற்று நடத்திய ராண்ட் 1897 ஜூனில் சுடப்பட்டார். பம்பாயில் 1898 மார்ச்சில் நெசவாளர் குடியிருப்பு ஒன்றில் சோதனையை மறுத்ததில் தொடங்கிய தகராறு நகரக் கலவரமாயிற்று. மக்கள் மருத்துவத்தை எதிர்க்கும் மூடர்கள் என்று அன்று பலர் எழுதினார்கள். எதிர்த்தது மருந்தையா, வீட்டுப் பெண்ணை அந்நிய ஆண் தொட்டுப் பார்ப்பதையா என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. கடைசியில் அரசுதான் கெடுபிடியைத் தளர்த்திக்கொண்டது.

அந்தப் பிளேக்கின் பிள்ளைதான் 1898-ல் உருவான நகர மேம்பாட்டு டிரஸ்ட். காற்றும் வெளிச்சமும் இல்லாததால் நோய் பரவுகிறது என்பது அதன் கணக்கு. நெரிசலான சந்துகளை இடித்துத் தள்ளியது. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பக்கம் அகலமான சாலையும் தோட்டமுமாகப் புதிய மனைகளை வகுத்தது. ஃபைவ் கார்டன்ஸில் மாலையில் நடக்கிறவர்கள் அந்த வரைபடத்தின் மேல்தான் நடக்கிறார்கள். நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் இடிபட்ட சந்துகளில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு இங்கே வாடகை கட்டுப்படியாகவில்லை. இங்கே வந்தவர்கள் மாதச் சம்பளக்காரர்கள்; நம் தமிழ்க் குமாஸ்தாக் குடும்பங்களும் அவர்களில் சேர்த்தி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்கள் சற்றுத் தள்ளி, தாராவியின் சதுப்பில் குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கி அதன்மேல் குடியேறினார்கள். மாட்டுங்காவுக்கு வரைபடம் போட்டவர்களின் பெயர்கள் ஆவணங்களில் இருக்கின்றன. தாராவியின் நிலத்தையே உண்டாக்கியவர்களுக்கு அப்படி ஒரு ஆவணம் இல்லை. அந்த நிலத்தைப் பற்றித்தான் இன்று வழக்கு.

2004-ல் மகாராஷ்டிர அரசு தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. முகேஷ் மேத்தா என்ற கட்டடக் கலைஞரின் யோசனை. தாராவியைப் பல பிரிவுகளாக்கி ஒவ்வொன்றையும் ஒரு பெரிய கட்டுமான நிறுவனத்திடம் ஒப்படைப்பது. மும்பையில் சாதாரணமாகக் குடிசைப் பகுதி ஒன்றை இடித்துக் கட்ட வேண்டுமென்றால் அங்கே இருப்பவர்களில் 70 சதவீதம் பேரின் சம்மதம் வேண்டும் என்பது அன்றைய விதி. தாராவிக்கு அந்த விதி இல்லை என்றார்கள், அரசே செய்யும் திட்டம் என்பதால். அரசு செய்தால் சம்மதம் வேண்டாம் என்பது எந்தப் பொறியியல் நூலில் இருக்கிறது?

எதிர்ப்பு வலுத்தபோது ஒரு வல்லுநர் குழு போட்டார்கள். முன்னாள் தலைமைச் செயலாளர் டி.எம். சுக்தாங்கர் அதன் தலைவர். 2009-ல் அந்தக் குழு முதலமைச்சருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதியது. இது மேற்பூச்சு நன்றாக இருக்கும் நிலப்பறிப்பு என்ற பொருளில் கடுமையாகவே எழுதியது. அரசு தானே பொறுக்கி எடுத்த வல்லுநர்கள்! ஆகவே வல்லுநர் சொன்னால் அரசு கேட்கும் என்பதும் கதைதான். தனக்கு வேண்டியதைச் சொல்லும் வல்லுநர் கிடைக்கும்வரை தேடுவதற்கு அரசிடம் நேரமும் பணமும் உண்டு.

மக்களிடம் கேட்டுக்கொண்டிருந்தால் எதுவும் நகராது என்பார்கள். தாராவியில் யாரையும் கேட்கவில்லை. இருபது ஆண்டு நகரவில்லை. 2018-ல் விட்ட டெண்டரில் அதிகத் தொகை சொன்ன நிறுவனம் ஒன்று இருந்தது. 2020-ல் அந்த டெண்டரை ரத்து செய்தவர்கள் தாராவிவாசிகள் அல்லர். பிறகு 2022 நவம்பரில் ரூ. 5,069 கோடிக்கு அதானி குழுமம் வென்றது. 2023 ஜூலையில் அரசு அதை உறுதி செய்தது. 2025 மே மாதம் முதன்மைத் திட்ட வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. இந்தத் தேதிகளின் பக்கத்தில் இன்னொரு தேதியை வைத்துப் பாருங்கள். 2022 மார்ச்சில் மும்பை மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இந்த நகரத்தில் ஒரு கவுன்சிலர்கூட இருக்கவில்லை. டெண்டர், ஒப்பந்தம், வரைபடம் மூன்றும் அந்த இடைவெளியில் நடந்தவை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கேட்கப் போனால் உட்கார வைத்துப் பேச ஒரு வார்டு ஆள் இல்லாத காலம் அது.

இப்போது யார் உள்ளே, யார் வெளியே என்று கிழித்திருக்கும் கோட்டுக்கு வருகிறேன். தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து வசிப்பதாகக் காகிதம் காட்டினால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடியில் இலவச வீடு. அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு, 300 சதுர அடி. அதற்கும் பின்னால் 2022 நவம்பர் 15 வரை வந்தவர்களுக்கும், அதற்குள் எந்த ஆண்டு வந்திருந்தாலும் மாடியில் இருப்பவர்களுக்கும், வெளியே வாடகைத் தவணை வீடு. தாராவியில் இதைப் பாத்ரா (தகுதியுள்ளவர்), அபாத்ரா (தகுதியற்றவர்) என்ற இரண்டே சொல்லில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். 1999 டிசம்பரில் வந்தவர் அண்டை வீட்டுக்காரர், 2000 பிப்ரவரியில் வந்தவர் அந்நியர் என்று எந்த அளவுகோல் சொல்லும்? முப்பது வருடம் ஏணி வைத்து ஏறி இறங்கிய மாடிக்காரர், நேற்று வந்தவரோடு ஒரே வரிசையில் நிற்கிறார். எண்ணில் எழுதியிருப்பதால் இது கணக்கு என்று தோன்றுகிறது. உண்மையில் இது ஒரு தீர்ப்பு. தீர்ப்பு என்றால் எதிர்த்தரப்பைக் கேட்டிருக்க வேண்டும்.

எண்ணும் வேலையைக்கூட மக்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். 1985-ல் பிரதமர் ராஜீவ் காந்தி அறிவித்த 100 கோடியில் ஒரு பகுதி தாராவிக்கு என்றபோது, அரசு ஒரு குடும்பக் கணக்கு வைத்திருந்தது. தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பும் ஸ்பார்க் அமைப்பும் சந்து சந்தாகப் போய் எண்ணின. அரசு சொன்னதைவிடக் குடும்பங்கள் மிக அதிகம் என்று தெரிந்தது. கூட்டமைப்பின் தலைவராக இருந்த ஜோக்கின் அற்புதம், கோலார் தங்க வயலில் பிறந்த தமிழர். மான்குர்து ஜனதா காலனியில் வாழ்ந்தவர். குப்பை அள்ளாத நகராட்சிக்குப் பாடம் புகட்டப் பிள்ளைகளைத் திரட்டி, ஆளுக்கொரு பொட்டலம் குப்பையை அதன் அலுவலக வாசலிலேயே கொட்ட வைத்தவர். அந்தக் காலனி இருந்த இடம் பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு வேண்டும் என்று, நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 மே மாதம் சுமார் 70,000 பேரை சீத்தா கேம்புக்கு மாற்றினார்கள். அணுவைப் பற்றிய அறிவில் அந்த விஞ்ஞானிகளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அங்கே கேள்வி அணுவைப் பற்றியதே அல்ல. ஜோக்கினுக்கு 2000-ல் மக்சேசே விருது கிடைத்தது, 2011-ல் பத்மஸ்ரீ. காலனி திரும்பக் கிடைக்கவில்லை.

அவரோடு சேர்ந்து இயங்கிய மகிளா மிலன் பெண்கள் பைகுல்லா நடைபாதைவாசிகள். தங்களுக்கு எப்படி வீடு வேண்டும் என்று புடவையாலேயே அளந்து பார்த்து, 14 அடி உயரம் வேண்டும், உள்ளே பரண் போட்டுப் பிள்ளைகள் படுக்கலாம் என்றார்கள். சிறிய அறையில் உயரம்தான் இடம் என்பது அந்த அறையில் எட்டுப் பேரோடு தூங்கியவருக்குத் தெரியும். கும்பார்வாடாக் குயவரின் சூளையைப் பன்னிரண்டாவது மாடிக்கு ஏற்ற முடியாது, அப்பளம் உலர வெயில் விழும் வாசல் வேண்டும் என்பதும் அப்படித்தான். இதுவும் வல்லமைதான், சான்றிதழ் இல்லாத வல்லமை.

மக்கள் என்று ஒருமையில் பேசுவதில் உள்ள மோசடியையும் சொல்ல வேண்டும். தாராவியில் தரைத்தளக்காரருக்கும் மாடிக்காரருக்கும் ஒரே விருப்பம் இல்லை. மீனவர் குடியிருப்பான கோலிவாடாக்காரரின் வழக்கு வேறு, தொழிற்கூடம் வைத்திருப்பவரின் வழக்கு வேறு. 2024 நவம்பர் சட்டமன்றத் தேர்தலில் தாராவித் தொகுதி, திட்டத்தை எதிர்த்த காங்கிரசைத் தேர்ந்தெடுத்தது. மாநிலமோ திட்டத்தை நடத்தும் கூட்டணிக்குப் பெரும் வெற்றி கொடுத்தது. இதில் எது மக்கள் தீர்ப்பு? மாநிலம் முழுவதற்கும் பொதுவான விஷயத்தில் மாநிலத்தின் வாக்கு செல்லும். ஒருவனுடைய கூரையை எடுக்கும் விஷயத்தில் கூரைக்குக் கீழே இருப்பவனின் வாக்குக்கு எடை அதிகம் என்பது என் துணிபு.

நம்மவர்கள் இந்த இடத்தில் உத்திரமேரூரை இழுப்பார்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு பெருமைக்குரியதுதான். ஆனால் அதைப் படித்துப் பாருங்கள். வரி கட்டும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்கு உட்பட்ட வயது, வேதப் பயிற்சி இருந்தால்தான் ஓலையில் பெயர் ஏறும். அங்கேயும் பாத்ரா, அபாத்ரா உண்டு. அந்தக் கல்லிலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறொன்றை: பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி நிற்க முடியாது. இன்றைய ஆலோசகர்களுக்கு இந்த விதி இருந்திருந்தால் நம் வடாலா மோனோரயிலுக்கு யாராவது பதில் சொல்லியிருப்பார்கள். 2014 பிப்ரவரியில் செம்பூரிலிருந்து வடாலா டெப்போ வரை ஓடத் தொடங்கியது. 2019-ல் ஜேக்கப் சர்க்கிள் வரை நீண்டது. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 2025 ஆகஸ்ட் 19 மழையில் உண்மையாகவே கூட்டம் வந்தபோது, 104 டன் தாங்கும் வண்டியில் 109 டன் ஏறி, மைசூர் காலனி அருகே அந்தரத்தில் நின்றது. ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களை ஏணி வைத்து இறக்கினார்கள். அடுத்த மாதமே சேவையை நிறுத்தினார்கள். கூட்டம் வரும் என்று அறிக்கை எழுதியவர்கள் யார் என்று இந்த அவையில் யாருக்காவது தெரியுமா?

என் கோரிக்கைகள் சிறியவை. திட்ட அறிக்கை எழுதுகிறவரின் பெயரும் அவர் சொன்ன கணிப்பும் பத்தாண்டு கழித்தும் பொதுப் பார்வையில் இருக்க வேண்டும். முன்வரைவு மராத்தி, இந்தி, தமிழ், உருது நான்கிலும் சந்துக்குச் சந்து வர வேண்டும். தகுதித் தேதியை நிர்ணயிக்கும் முன் அதனால் வெளியேற்றப்படுகிறவர்களை உட்கார வைத்துக் கேட்க வேண்டும். இவை அரசு செய்ய வேண்டியவை, எப்போது செய்யும் என்று தெரியவில்லை. நீங்கள் செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது. அனெக்ஷர்-2 என்னும் தாராவித் தகுதிப் பட்டியல் பகுதி பகுதியாகச் சுவரில் ஒட்டப்படும். ஆட்சேபம் சொல்லக் கொடுக்கும் அவகாசம் கொஞ்சம்தான். மாட்டுங்காவிலும் வடாலாவிலும் ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்களும் ஆசிரியர்களும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பட்டியல் ஒட்டும் நாளில் தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டுக்குப் போங்கள். பெயரைத் தேடிப் படித்துச் சொல்லுங்கள். விட்டுப்போன பெயருக்கு மனு எழுதிக் கொடுங்கள். கொடுத்த மனுவின் நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.