வீட்டுக்குப் பின்னாடி பத்தடி மக்காச்சோளம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீட்டு வேலை, ரெண்டு மாடு, நாலு ஆடு, குழுக் கூட்டம், இதுதான் என் பொழுது. மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. வீட்டுத் தோட்டத்தைப் பத்திப் பேச்சு வந்தப்போ, "மக்காச்சோளத்தை நீ சொல்லு"ன்னு நம்ம அக்காமாருங்க சொல்லிட்டாங்க. தெரிஞ்சதைச் சொல்றேன். பொறுமையாக் கேளுங்க.

பெரம்பலூர் மாவட்டத்துல வந்து மக்காச்சோளத்தைப் பத்திப் பேசறாளேன்னு சிலபேர் சிரிக்கலாம். புரட்டாசி மழைக்கு விதைச்சா, கார்த்திகையில எந்தப் பக்கம் திரும்பினாலும் பருத்தியும் மக்காச்சோளமும்தான். விதை ஊன்றது நாம. களை வெட்டறது நாம. தை மாசம் கை கிழியக் கிழியக் கருது ஒடிக்கறதும் நாம. ஆனா அந்தச் சோளம் யாருக்குப் போகுது? மூட்டை கட்டி, லாரியில ஏத்தி, பெரும்பாலும் நாமக்கல் பக்கம் கோழித் தீவனத்துக்குத்தான் போகுது. நான் அதைக் குறையாச் சொல்லலை. அந்தக் காசுலதான் கடனைக் கட்டறோம், பிள்ளைங்களுக்கு ஃபீஸ் கட்டறோம்.

பஸ் ஸ்டாண்டுல ஒரு நாள் கப்புல போட்டு விக்கிற ஸ்வீட்கார்ன் கேட்டு என் சின்னப் பொண்ணு அடம் பிடிச்சா. வாங்கிக் கொடுத்தேன். சாப்பிட்டுக்கிட்டே, "ஏம்மா, நம்ம காட்டுல இவ்வளவு இருக்கே, அதை ஏன் நாம சாப்பிடறதே இல்லை?"ன்னு கேட்டா. நியாயமான கேள்வி. நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்கு அதுக்குப் பதில் சொல்லித்தானே ஆகணும்?

பதில் இதுதான். 2018-ல படைப்புழு வந்ததுக்கு அப்புறம் மக்காச்சோளக் காட்டுல மருந்து அடிக்கறது கூடிப்போச்சு. குருத்துக்குள்ளேயே ஊத்தற மாதிரி அடிக்கறாங்க. என்ன மருந்து, எந்தத் தேதியில, எத்தனை தடவை அடிச்சாங்கன்னு பல வீட்டுல பொம்பளைங்க நமக்குத் தெரியறதில்லை. மருந்து அடிச்ச பிறகு எத்தனை நாள் காத்திருக்கணும்னு டப்பாவுல போட்டிருக்கும். ஆனா டப்பா வரப்புல கிடக்கும், நாம அடுப்படியில இருப்போம். அது தெரியாம அந்தக் காட்டுல இருந்து ஒரு இளங்கருதை ஒடிச்சுப் பிள்ளை கையில கொடுக்க எனக்கு மனசு வரலை.

இன்னொண்ணும் சொல்லணும். எங்க அப்பாயி காலத்துல சோளக்காட்டுக்குப் போனா மடி நிறைய ஏதாவது வரும். ஊடுபயிராத் தட்டைப்பயறு இருக்கும், மொச்சை இருக்கும், ஓரத்துல பூசணிக்கொடி ஓடும். களை வெட்டப் போனா தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் அன்னிக்குக் குழம்புக்கு வந்துடும். இப்போ விதைச்ச கையோட களைக்கொல்லி அடிக்கறாங்க. அது புல்லை மட்டுமா கொல்லுது? கீரையும் முளைக்காது, பயறும் முளைக்காது. களை வெட்டற கூலிக்கு ஆள் கிடைக்கலை, வேற வழி இல்லைன்னு சொல்றாங்க. அதுவும் உண்மைதான். ஆனா காடு நம்ம சமையலுக்குக் கொடுத்துக்கிட்டிருந்த பங்கு நின்னு போச்சு. அந்தப் பங்கை வீட்டுக்குப் பின்னாடி திரும்பக் கொண்டு வரலாம். அதுக்குப் பத்தடிக்குப் பத்தடி இடம் போதும்.

இப்போ எப்படிப் போடணும்னு சொல்றேன். எழுதிக்கறவங்க எழுதிக்கலாம்.

முதல் விஷயம், இதை மறந்துட்டா மத்தது எல்லாம் வீண். வீட்டுல போடறவங்க பெரும்பாலும் வேலி ஓரமா ஒத்தை வரிசை போடுவாங்க. செடி நல்லா ஆள் உயரம் வளரும். கருதும் வைக்கும். உரிச்சுப் பார்த்தா உள்ளே பொக்கைவாய் மாதிரி அங்க ரெண்டு மணி, இங்க நாலு மணி. "விதை சரியில்லை, மண்ணு சரியில்லை"ன்னு விட்டுடுவாங்க. விதையும் மண்ணும் ஒண்ணும் பண்ணலை.

மக்காச்சோளத்துக்கு உச்சியில பூக்குதே, அது ஆண் பூ. கருது நுனியில பட்டு நூல் மாதிரி தொங்குதே, அது பெண் பூ. தேனீ வந்துதான் சேர்க்கணும்னு இல்லை, காத்துதான் மகரந்தத்தைக் கொண்டு போகுது. ஒரு நூலுக்கு ஒரு மணி. எந்த நூலுல மகரந்தம் விழலையோ அந்த மணி பிடிக்காது. ஒத்தை வரிசையில காத்து அடிச்சா மகரந்தம் எல்லாம் பக்கத்து வீட்டுக் கூரைமேல போய் விழும். அதனால வரிசையா நீட்டாம, சதுரமாக் கூட்டமா நடணும். குறைஞ்சது நாலு வரிசை. பத்தடி இடத்துல வரிசைக்கு வரிசை 2 அடி, செடிக்குச் செடி 1 அடி விட்டா 5 வரிசை, 50 செடி வரும்.

அப்படியும் சந்தேகமா இருந்தா, நூல் வெளியே வந்த நாளுல இருந்து நாலைஞ்சு நாளைக்குக் காலையில பனி காஞ்சதும் செடியை மெதுவா ஆட்டி விடுங்க. மஞ்சள் பொடி கொட்டும். இல்லைன்னா ஒரு பூக்கிளையை ஒடிச்சு நூல்மேல தடவுங்க. பிள்ளைங்களை விட்டீங்கன்னா ஆசையாச் செய்வாங்க. கருது உரிச்சதும் மணி வரிசையை எண்ணச் சொல்லுங்க. 12, 14, 16-ன்னு இரட்டைப் படையாத்தான் வரும்.

ரெண்டாவது, எப்போ விதைக்கறது. ஸ்வீட்கார்ன் விதை வாங்கிப் போடறதா இருந்தா, ஊர்க்காட்டு மக்காச்சோளம் பூக்கற சமயத்துல நம்மது பூக்கக் கூடாது. காட்டு மகரந்தம் வந்து விழுந்தா, அந்தக் கருதிலேயே இனிப்புப் போயிடும், மணி மாவா இருக்கும். நம்ம ஊர்ல சுத்திலும் மக்காச்சோளம். தூரம் விடறது முடியாது, காலம்தான் விடணும். அதனால பொங்கல் கழிச்சு விதைங்க. அப்போ காடு அறுவடை முடிஞ்சிருக்கும். மாசி கடைசியில பூக்கும். பங்குனியில கருது கிடைக்கும். சித்திரை வெயில் உச்சிக்கு வரும் முன்னே வேலை முடிஞ்சிடும்.

மூணாவது, விதை. பாக்கெட் விதை சிவப்பா, பச்சையாச் சாயம் பூசி இருந்தா அது மருந்து ஏத்தின விதை. கையில பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கிட்டு ஊனுங்க. மிச்சத்தைக் கோழிக்குப் போட்டுடாதீங்க. குழந்தைங்க கைக்கு எட்டாத இடத்துல வைங்க. ஒரு விரக்கடை ஆழம் போதும். கலப்பின விதையில வந்த கருதை எடுத்து வெச்சு மறுவருஷம் போட்டா ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டைன்னு வரும். அதனால விதை வருஷா வருஷம் வாங்கத்தான் வேணும். இந்தச் செலவுக்கு ஒரு யோசனை கடைசியில சொல்றேன்.

நாலாவது, சாப்பாடு. மக்காச்சோளம் பெரும்பசிக்காரி. விதைக்கறதுக்கு முன்னே நல்லா மக்கின குப்பை எருவை மண்ணோட மண்ணாக் கலந்திடுங்க. 25-ம் நாள் களை கொத்தும்போது ஒரு தடவை, 45-ம் நாள் ஒரு தடவை ஆட்டுப்புழுக்கையைப் பொடிச்சுத் தூருல போட்டு மண் அணைங்க. மண் அணைச்சாத்தான் காத்துக்குச் சாயாது. வரிசைக்கு நடுவுல தட்டைப்பயறு ஊனுங்க. வேர் முடிச்சுல அது மண்ணுக்குச் சத்துச் சேர்க்கும், நமக்குக் குழம்புக்கும் ஆகும். ஒரு மூலையில ஒரு பூசணி. அது நிலத்தை மூடிக்கிட்டா களையும் குறையும், ஈரமும் காயாது.

தண்ணிக்குப் பயப்பட வேண்டாம். அரிசி களைஞ்சது, காய் கழுவினது, பாத்திரம் முதல் அலசு அலசினது, சோப்பு கலக்காம எதுவா இருந்தாலும் அதுக்குப் போகட்டும். ஆனா பூக்கற சமயத்துலயும் நூல் விடற சமயத்துலயும் மட்டும் காய விடாதீங்க. அந்த வாரம் காய்ஞ்சா மணி பிடிக்காது, அப்புறம் குடம் குடமா ஊத்தினாலும் திரும்பி வராது.

அஞ்சாவது, படைப்புழு. அது வீட்டுத் தோட்டத்துக்கும் வரும். காட்டுல மருந்து இல்லாமச் சமாளிக்கறது கஷ்டம், ஏக்கர் கணக்குல ஒவ்வொரு செடியா யார் பார்க்கறது? 50 செடிதானே, வாசல் தெளிச்ச கையோட பார்த்துடலாம். இலையில பஞ்சு ஒட்டின மாதிரி முட்டைக் குவியல் இருந்தா நசுக்கிடுங்க. குருத்துல ஓட்டை ஓட்டையா இருந்து, மரத்தூள் மாதிரி எச்சம் கிடந்தா உள்ளே புழு இருக்கு. தலையில தலைகீழா ஒரு கவட்டைக் குச்சி மாதிரி வெள்ளைக்கோடு, பின்பக்கம் சதுரமா நாலு கறுப்புப் புள்ளி, அதுதான் படைப்புழு. குச்சியால எடுத்துப் போடுங்க, கோழி தின்னுடும். குருத்துல ஒரு சிட்டிகை காஞ்ச மணலோ சாம்பலோ போடுங்க. அதிகமா இருந்தா வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் இடிச்சு, ஒரு லிட்டர் தண்ணியில ராத்திரி ஊறப்போட்டு, வடிகட்டிச் சாயங்காலம் தெளிங்க.

கோழிக்கும் மயிலுக்கும் விதைச்ச இடத்துல முள்ளு போட்டு மூடுங்க. முளை ஒரு சாண் வந்ததும் எடுத்துடலாம். சுத்திப் பழைய சேலை கட்டினாப் போதும்.

எப்போ ஒடிக்கறது? நூல் வெளியே வந்து 20 நாள் சுமார்ல அது காஞ்சு பழுப்பு நிறம் ஆகும். மேல்தோலைக் கொஞ்சம் விலக்கி, மணியை நகத்தால அழுத்துங்க. தண்ணியா வந்தா இன்னும் நாலு நாள் பொறுங்க. பால் மாதிரி வந்தா அதுதான் பதம். மாவா வந்தா முத்திப்போச்சு. அதை அடைக்கு அரைச்சுக்கலாம். ஒடிச்ச உடனே வேக வைங்க. நேரம் ஆக ஆக இனிப்பு மாவாயிடும். கடையில வாங்கறதுல இல்லாத ருசி வீட்டுக் கருதுல இருக்கறது அதனாலதான். ஒடிச்சு முடிச்ச பச்சைத் தட்டையை வெட்டி மாட்டுக்குப் போடுங்க. மருந்து படாத தட்டை, நம்பிப் போடலாம்.

போன பங்குனியில என் 50 செடியில நல்ல கருது 43 வந்துச்சு. 18 வீட்டுல சாப்பிட்டோம். 5 பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன். மிச்சம் 20-ஐ வேக வெச்சு, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாசல்லேயே 10 ரூபாய்னு வித்தேன். 200 ரூபாய். பெரிய காசு இல்லைதான். ஆனா என் குழுச் சேமிப்பு மாசம் 100 ரூபாய். ரெண்டு மாசச் சேமிப்பை யார்கிட்டேயும் கேக்காமக் கட்டினேன். காட்டுல இருந்து மூட்டை மூட்டையாப் போகுது, அந்தக் கணக்கு நோட்டு என் கையில இல்லை. இந்த 43 கருதுக்கு நான்தான் கணக்கு. என்ன போட்டேன், எப்போ போட்டேன், என்ன தெளிச்சேன்னு என் பொண்ணு கேட்டா, ஒண்ணு விடாமச் சொல்லுவேன்.

இப்போ கூட்டமைப்புக்கு மூணு வேண்டுகோள்.

ஒண்ணு, விதையைக் குழுவாச் சேர்ந்து வாங்குவோம். ஒரு வீட்டுக்கு வேண்டியது அறுபது, எழுபது விதைதான். தனியா ஒரு பாக்கெட் வாங்கினா மிச்சம் வீணாப்போகும். ஒரு குழுவுக்கு ஒரு பாக்கெட் வாங்கிப் பிரிச்சுக்கிட்டா ஆளுக்குச் சின்னத் தொகைதான் வரும்.

ரெண்டு, எல்லாரும் ஒரே நாள் விதைக்க வேண்டாம். இந்த வாரம் அஞ்சு வீடு, பத்து நாள் கழிச்சு அஞ்சு வீடுன்னு முறை வெச்சுக்கிட்டா, ஒரே சமயத்துல கருது குவியாது. விக்கறவங்களுக்கும் விலை நிக்கும், பிள்ளைங்களுக்கும் ஒரு மாசம் தொடர்ந்து கிடைக்கும்.

மூணு, வீட்டுக்குப் பின்னாடி இடமே இல்லாத அக்காமாருங்க நம்ம குழுக்கள்ல நிறையப் பேர் இருக்காங்க. அரிசிச் சாக்குல மண்ணும் எருவும் ரொப்பி, சாக்குக்கு ரெண்டு செடி, பன்னிரண்டு சாக்கை ஒட்டி ஒட்டிச் சதுரமா வெச்சா அதுலயும் வரும். அதுக்கும் இடம் இல்லாதவங்களுக்காக, ஊர்ல பொது இடம் கிடைக்குமான்னு நம்ம கூட்டமைப்பு ஊராட்சியில கேட்டுப் பார்க்கணும். இதைத் தீர்மானமாவே எழுதலாம்னு கேட்டுக்கறேன்.

பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கு. இப்பவே வீட்டுக்குப் பின்னாடி இருக்கற குப்பையைக் கூட்டி ஒரு குழியில போட்டு வைங்க, அதுக்குள்ள மக்கிடும். விதை பிரிக்க வேண்டியவங்க அடுத்த மாசக் கூட்டத்துக்குள்ள உங்க ஊக்குநர்கிட்ட பேர் கொடுங்க.